பனிக்கட்டியில் முதல் மீன்: ஐஸ் சிற்பம் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

கல்யாண வரவேற்பில் சாலட் மேசை நடுவே ஐஸ் அன்னம் ஒன்று நின்றால், அதைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம் குறையவே குறையாது. விரலால் தொட்டுப் பார்ப்பார்கள், சொட்டும் நீரை உள்ளங்கையில் ஏந்துவார்கள், கழுத்து எப்போது விழும் என்று காத்து நிற்பார்கள். சிலருக்கு அந்த ஆசை நாற்பது ஐம்பது வயதானாலும் விடுவதில்லை. சீனாவின் ஹார்பின் நகரத்துப் பனி மாளிகைகளின் படம் கண்ணில் பட்டால் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. ஒரு டீப் ஃப்ரீசர், ஒரு தெர்மோகோல் பெட்டி, மூன்று உளிகள், ஒரு ரம்பம் இருந்தால் 17 கிலோ கட்டியில் ஒரு மீனைச் செதுக்கி நிறுத்திவிடலாம்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் உளியைப் பற்றித்தான் கேட்பார்கள். உளி பிறகு வரட்டும். ஐஸ் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் கைத்திறமைக் குறையால் அல்ல, கட்டியின் வெப்பநிலையைக் கவனிக்காததால். வெல்லப் பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று இருப்பதுபோல ஐஸுக்கும் செதுக்கும் பதம் ஒன்று உண்டு. அதற்கு முன்பு உளி வைத்தால் கட்டி விரிந்துபோகும். பதம் தாண்டிய பின் வைத்தால் குழைந்துபோகும். அந்தப் பதத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டவருக்கு மீதி எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

கண்ணாடி போன்ற கட்டி எப்படி வருகிறது

வீட்டு ஃப்ரிட்ஜ் தட்டில் உறையும் ஐஸ் நடுவில் வெள்ளையாக இருக்கும். நீரில் காற்றும் உப்புகளும் கரைந்திருக்கின்றன. உறையும் படிகத்துக்குள் அவற்றுக்கு இடமில்லை, அதனால் இன்னும் உறையாத நீர் இருக்கும் பக்கம் தள்ளப்படுகின்றன. தட்டில் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சமயத்தில் உறைவதால் அவை நடுவில் சிறைப்பட்டுக் குமிழிகளாக நின்றுவிடுகின்றன.

ஆற்றில் கதை வேறு. மேல்பக்கத்துக் குளிரால் நீர் மேலிருந்து கீழாக மட்டுமே உறைகிறது. தள்ளப்படும் காற்றையும் அழுக்கையும் கீழே ஓடும் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஹார்பினில் சொங்குவா ஆற்றிலிருந்தும், சுவீடனின் யுக்காஸ்யார்வி ஊரில் டோர்னே ஆற்றிலிருந்தும் அறுத்தெடுக்கும் பாளங்கள் கண்ணாடிபோல் இருப்பதற்கு இதுதான் காரணம். சிற்பக் கட்டி தயாரிக்கும் இயந்திரங்கள் இதையே தலைகீழாகச் செய்கின்றன. அடியிலிருந்து மட்டும் உறையவைத்து, மேலே உள்ள நீரைச் சிறு பம்பால் அசைத்துக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 25 செ.மீ. தடிமன் உள்ள ஒரு கட்டி உறைய மூன்று நான்கு நாள் ஆகும். மேலே மிஞ்சும் அழுக்கு நீரை உறையவிடாமல் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். அந்தக் கட்டி 115 கிலோவுக்குக் குறையாது. ஓட்டல் சமையலறைகளில் சிற்பத்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் இந்த அளவுதான்.

வீட்டில் ஆற்றின் வேலையைப் பெட்டியை வைத்து வாங்க வேண்டும். உள்ளளவு 40 x 30 செ.மீ., ஆழம் 25 செ.மீ. உள்ள கனமான தெர்மோகோல் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மீன் அனுப்பப் பயன்படும் பெட்டி போதும். சுவர் 4 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். வாய் சற்று அகன்று அடி ஒடுங்கியிருந்தால் கட்டியை வெளியே எடுப்பது எளிது. மேல்மூடி வைத்த டீப் ஃப்ரீசருக்குள் காலிப் பெட்டியை முதலில் வைத்துவிட்டு, பிறகு 22 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வெளியே நிரப்பித் தூக்கினால் 27 கிலோவைத் தளும்பாமல் உள்ளே இறக்க வேண்டியிருக்கும். பெட்டிக்கு மூடி போடக் கூடாது. பக்கமும் அடியும் தெர்மோகோலால் காக்கப்பட, குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும்.

மைனஸ் 18 டிகிரியில் முதலில் தண்ணீர் குளிரவே ஒரு நாள் பிடிக்கும். அதன் பிறகு நாளொன்றுக்கு 4 முதல் 5 செ.மீ. வரை உறையும். ஐஸ் தடிக்கத் தடிக்க வேகம் குறையும். 16 செ.மீ. தடிமனுக்கு மொத்தம் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஏறத்தாழ 7 செ.மீ. நீர் உறையாமல் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், இது முக்கியம். ஆறு இழுத்துப்போகும் அழுக்கு இங்கே அந்த அடிநீரில்தான் சேர்ந்திருக்கிறது. தவிர, நீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது. மேலே மூடிய ஐஸும் சுற்றிப் பெட்டியும் இருக்க, கடைசி நீர் விரிய இடமின்றிக் கட்டியையே பிளந்துவிடும், இல்லையென்றால் பெட்டியை உடைக்கும்.

எடுக்கும்போது இரண்டு பேர் வேண்டும். குளியலறையிலோ முற்றத்திலோ இரண்டு கட்டைகளை இடைவெளி விட்டு வைத்து அவற்றின் மேல் பெட்டியைக் கவிழ்த்தால், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஓரம் இளகிக் கட்டி தானே நழுவி இறங்கும். அடிநீர் கொட்டிப் போகும். கத்தியால் நெம்பாதீர்கள், ஓரம் பெயர்ந்துவிடும்.

தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்தால் கட்டி தெளியும் என்று பலர் சொல்வார்கள். கொதிக்கவைத்தால் காற்று வெளியேறுவது உண்மைதான், ஆனால் ஐந்து நாள் திறந்து கிடக்கும் நீரில் அது மறுபடி கரைந்துவிடும். உறையும் திசையைச் சரியாக வைத்தால் குழாய்த் தண்ணீரே போதும். ஊர்த் தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் மட்டும் ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள்.

மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பார் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஸ் ஆலையில் தகர டின்களை உப்புநீரில் இறக்கி உறையவைப்பதால் நாலு பக்கமிருந்தும் குளிர் போய், நடுத்தண்டு வெள்ளையாகிறது. வெளிப்புறம் மட்டும் தெளிவாக இருக்கும். ரம்பம் ஓட்டிப் பழகவும் உளிக்குக் கை படியவும் இதைவிட மலிவான பொருள் இல்லை. பழக்கத்துக்கு இதை வாங்குங்கள், உணவு மேசைக்கு வேண்டாம். அது மீன் வைக்கச் செய்த ஐஸ்.

உளி எடுப்பதற்கு முன் ஒரு விளக்கு

ஹார்பினில் இந்தக் கலை வாளியிலிருந்துதான் வளர்ந்தது. மீனவர்கள் வாளி நீரை உறையவைத்து, நடுவை வெறுமையாக்கி, உள்ளே விளக்கேற்றி வைப்பார்கள். 1963இல் அங்கே சாவ்லின் பூங்காவில் நடந்த பனி விளக்குத் திருவிழா அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றி 16 முதல் 20 மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். இம்முறை தெர்மோகோல் கிடையாது, எல்லாப் பக்கமும் உறைய வேண்டும். வெளிக்கூடு 2 முதல் 3 செ.மீ. தடித்திருக்கும், உள்ளே இன்னும் தண்ணீராக இருக்கும். வாளியின் வெளிப்புறத்தில் குழாய்த் தண்ணீர் ஊற்றிக் கூட்டை நழுவ விட்டு, மேல்முகத்தில் ஓட்டையிட்டு உள்நீரைக் கொட்டிவிட்டு, ஒரு சிறு மெழுகுவர்த்தி வையுங்கள். ஐஸ் எங்கிருந்து எங்கே உறைகிறது, கூடு எவ்வளவு தடித்தால் கை தாங்கும் என்பதெல்லாம் இந்த ஒரு விளக்கிலேயே பிடிபட்டுவிடும்.

பதம்

ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த கட்டி மைனஸ் 18 டிகிரியில் இருக்கிறது. வெளியே அறை 30 டிகிரி. மேல்பரப்பு சூடாகி விரியப் பார்க்கும், உள்பகுதி இன்னும் இறுக்கமாக இருக்கும். இந்த இழுபறியில் உளி ஒரு தட்டுத் தட்டினால் போதும், குறுக்கே ஒரு விரிசல் மின்னலாக ஓடிவிடும். எனவே கட்டியை ஈரச் சாக்கின் மேல் நிறுத்தி, மெல்லிய துணியால் போர்த்தி, சும்மா விட வேண்டும். கட்டி முழுவதும் மைனஸ் 5க்கும் மைனஸ் 2க்கும் இடையில் வர வேண்டும் என்பது குறி. 16 செ.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம், 25 செ.மீ. தடிமனுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். அவசரப்பட்டு வெயிலில் வைக்கவோ, மின்விசிறியின் கீழ் வைக்கவோ கூடாது. வெளிப்புறம் உருகி வழியும்போதும் நடு இறுக்கம் மாறாமல் இருக்கும்.

கண்ணால் பார்க்கும் அடையாளம் இது: எடுத்தவுடன் கட்டியின் மேல் வெள்ளைப் பூ பூத்தாற்போல் உறைபனி படியும். விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நேரம் போகப் போக அந்த வெள்ளை மறைந்து, பரப்பு ஈரமாகி, எதிர்ப்பக்கம் தெரியத் தொடங்கும். அப்போதும் உடனே இறங்காதீர்கள். பயன்படாத ஒரு மூலையில் குழாய்த் தண்ணீரைத் தெளித்துக் காதை அருகில் கொண்டுபோங்கள். ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டு உள்ளே வெள்ளிக் கோடுகள் ஓடினால் இன்னும் அரை மணி நேரம் காத்திருங்கள். சத்தமே இல்லாவிட்டால் பதம் வந்துவிட்டது.

பதத்தில் இருக்கும் ஐஸில் கூரான உளியைத் தள்ளினால் தேங்காய்த் துருவல்போலச் சுருள் சுருளாக வரும். சில்லு சில்லாகத் தெறித்தால் இன்னும் குளிர்ச்சி அதிகம். கூழாக ஒட்டிக்கொண்டு வந்தால் பதம் தாண்டிவிட்டது. அப்படியானால் போர்த்தி ஃப்ரீசரில் வைத்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கருவிகளும் பாதுகாப்பும்

மரக்கிளை வெட்டும் பெரும்பல் கைரம்பம் ஒன்று, அலகு 30 முதல் 35 செ.மீ. நெருங்கிய பல் உள்ள தச்சு ரம்பம் உதவாது. பல்லிடுக்கில் தூள் அடைத்து, அப்படியே உறைந்து ரம்பம் மாட்டிக்கொள்ளும். பட்டை உளி 30 அல்லது 40 மி.மீ. அகலத்தில் ஒன்று, குழி உளி 20 மி.மீ., ‘வி’ வடிவ உளி 10 மி.மீ. மூன்றுமே சவரக் கத்திபோல் இருக்க வேண்டும். மரத்துக்குத் தீட்டுவதைவிடச் சாய்வாக, 20 முதல் 25 டிகிரியில் தீட்டுங்கள். சுத்தியல் வேண்டாம். ஜப்பானிய ஐஸ் உளிகளுக்கு நீண்ட கைப்பிடி வைப்பது இதனால்தான்: அடிப்பதற்கல்ல, இரண்டு கையாலும் உடல் எடையைக் கொடுத்துத் தள்ளுவதற்கு. இவற்றோடு தண்ணீர் தெளிக்கும் பாட்டில், 10 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகடு ஒன்று, கட்டிக்கு அடியில் விரிக்க ஈரக் கோணிச் சாக்கு. ரப்பர் பாயைவிடச் சாக்கு நன்றாகப் பிடிக்கும்.

மின்சாரச் செயின் ரம்பமும், நுனியில் சிறு வெட்டுமுனை சுழலும் டை கிரைண்டரும் வேலையை நாலில் ஒரு பங்கு நேரத்தில் முடிக்கும். ஆனால் முதல் மூன்று சிற்பத்தைக் கையாலேயே செய்யுங்கள். எவ்வளவு அழுத்தினால் ஐஸ் விட்டுக்கொடுக்கும் என்று இயந்திரத்தின் வழியாகக் கைக்குத் தெரியாது. பிறகு வாங்கினால், நீரும் மின்சாரமும் சந்திக்கும் இடம் அது என்பதை ஒரு நொடியும் மறக்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் கருவியைச் செருகவே கூடாது. ஒயர் இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது. சங்கிலிக்கு இயந்திர எண்ணெய் விட்டால் அது ஐஸில் கறுத்துப் படியும், சமையல் எண்ணெய் விடுங்கள். பெட்ரோல் ரம்பத்தை மூடிய அறைக்குள் ஓட்டவே வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். ரப்பர் கையுறைக்குள் மெல்லிய கம்பளிக் கையுறை, கண்ணாடி, விரல்நுனி மூடிய காலணி ஆகியவை கைரம்பத்துக்கும் கட்டாயம். மரத்துப்போன விரலில் வெட்டுப்பட்டால் வலி தெரியாது, ரத்தத்தை ஐஸில் பார்த்துத்தான் தெரியும்.

மீன்

பலர் அன்னத்தில்தான் தொடங்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். அன்னத்துக்குக் கழுத்து மெலிந்தது, அங்கேதான் உடையும். மீனுக்கு உடல் பருத்தது, வளைவு எளியது, தவறு நேர்ந்தால் செதிலுக்குள் மறைத்துவிடலாம்.

40 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரம், 16 செ.மீ. தடிமன் என்று கட்டியை நிறுத்துங்கள். கீழ் 7 செ.மீ. முழுவதும் பீடம், அலையாகச் செதுக்கப் போகிறோம். மேலே உள்ள 23 செ.மீ.யில் வில்லாக வளைந்து துள்ளும் மீன். வயிறு பீடத்தோடு ஒட்டியிருக்கும் நீளம் 12 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அதையே மெலிதாக்கி மீன் அந்தரத்தில் பாய்வதுபோல் காட்ட ஆசை வரும், இப்போது அடக்கிக்கொள்ளுங்கள்.

இதே அளவில் தாளில் படம் வரைந்து இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று கண்ணாடிப் பிம்பமாக. கட்டியின் இரு முகத்திலும் தண்ணீர் தெளித்துத் தாளை ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். இரண்டு படமும் நேருக்கு நேர் இருக்கிறதா என்று கட்டியின் ஊடாகவே பார்த்துச் சரிசெய்யலாம். தெளிந்த கட்டியின் வசதி இது. ‘வி’ உளியால் கோட்டின் மேலே 4 மி.மீ. ஆழத்துக்குக் கீறிவிட்டுத் தாளை உரித்துவிடுங்கள். தாள் ஊறிக் கிழிவதற்குள் கீறி முடிக்க வேண்டும்.

இனி ரம்பம். கோட்டுக்கு 1 செ.மீ. வெளியே நிறுத்துங்கள். மேலிருந்து கீழாக, 3 செ.மீ.க்கு ஒன்றாக இணையான வெட்டுகள் போட்டுக்கொண்டு வந்தால், வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் பற்களைப் பட்டை உளியால் ஒரு திருப்பில் பெயர்த்துவிடலாம். வளைவு எவ்வளவு நுணுக்கமானாலும் இந்த முறை கைகொடுக்கும். ஒரே வெட்டில் வளைத்து அறுக்க முயன்றால் ரம்பம் சாய்ந்துவிடும். முன்முகத்தில் கோட்டின் மேலும் பின்முகத்தில் கோட்டுக்கு உள்ளேயும் போயிருக்கும், அதைத் திருத்த மீன் முழுவதையும் இளைக்கவைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின்முகத்தை எட்டிப் பாருங்கள், அல்லது எதிரே ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேல் பாகத்தை முடித்த பிறகே கீழ்ப் பாகம். பீடத்தைக் கடைசி வரை முழுக் கனத்தோடு விட்டுவைத்தால் கட்டி ஆடாது.

பக்கத் தோற்றம் வந்ததும் கட்டி ஒரு மீன் வடிவப் பலகைபோல் இருக்கும், எங்கும் 16 செ.மீ. தடிமன். முதுகின் நடுவே தலையிலிருந்து வால் வரை ஒரு நடுக்கோடு கீறுங்கள். இதை அழிய விடாதீர்கள், இரு பக்கமும் ஒத்துப்போவது இந்தக் கோட்டை வைத்துத்தான். மேலிருந்து பார்த்தபடி தலையை 9 செ.மீ.க்கும், வயிற்றை 13 செ.மீ.க்கும், வாலடியை 6 செ.மீ.க்கும் குறையுங்கள். பிறகு உருட்ட வேண்டும். உருண்டையாக நேரே செதுக்கப் போனால் மேடுபள்ளம்தான் மிஞ்சும். நாலு மூலையையும் 45 டிகிரியில் சீவி எண்கோணமாக்குங்கள். அந்த எட்டு விளிம்பையும் மறுபடி சீவினால் பதினாறு. அதன் மேல் பட்டை உளியை லேசாக ஓட்டினாலே வழுவழுப்பு வந்துவிடும். பம்பரம் கடையும் தச்சர் செய்வதும் இதே முறைதான்.

துடுப்பும் வாலும் 5 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது. கல்லில் சிற்பி மெல்லியதைத் தேடிப் போகலாம், அங்கே முடித்தது முடித்தபடி நிற்கும். ஐஸில் நீங்கள் உளியை வைத்த பிறகு காற்று செதுக்கத் தொடங்கும். ஏ.சி. அறையில் காற்று அடிக்காத இடத்தில் மணிக்கு அரை செ.மீ.யிலிருந்து ஒரு செ.மீ. வரை ஒவ்வொரு முகத்திலும் கரையும். 5 செ.மீ. வாலில் இரண்டு முகமும் சேர்ந்து கரைந்தால் மூன்று மணி நேரத்தில் என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விருந்து தொடங்கும்போது வால் சற்றுப் பருமனாகத் தெரிய வேண்டும். நடுவிருந்தில்தான் அது அழகாக இருக்கும்.

நுணுக்க வேலைக்கும் இதே கணக்கு. செதிலை 2 மி.மீ. ஆழத்தில் கீறினால் இருபது நிமிடத்தில் மறையும். செதிலுக்கு 7 மி.மீ., செவுளுக்கு 1 செ.மீ., கண்ணுக்கு 1.5 செ.மீ. ஆழம் கொடுங்கள். தெளிந்த ஐஸில் இன்னொரு சிக்கல் உண்டு: பின்பக்கத்துச் செதிலும் முன்பக்கத்துச் செதிலும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிந்து கண்ணைக் குழப்பும். பார்வையாளர் நிற்கும் பக்கத்தை வழவழப்பாக விட்டு, பின்பக்கத்தில் மட்டும் செதிலை ஆழமாகத் தோண்டிப் பாருங்கள். முன்னாலிருந்து பார்க்கையில் செதில் உள்ளே மிதப்பதுபோல் புடைத்துத் தெரியும். கோடு இன்னும் எடுப்பாக வேண்டுமென்றால், செதுக்கும்போது விழுந்த வெண்தூளை அள்ளிப் பள்ளத்தில் அழுத்தித் தடவி, மேலே உள்ளதை வழித்துவிடுங்கள். தூள் உறைந்து வெள்ளைக் கோடாக நிற்கும். இதற்கு வண்ணமே தேவையில்லை.

சென்னை மே மாதத்து வெளிக்காற்றில் 17 கிலோ கட்டி உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடத் தராது. 20 டிகிரி ஏ.சி. அறை என்றால் இரண்டு மணி நேரம் கிடைக்கும். முடியாவிட்டால் ஃப்ரீசருக்கு அனுப்பிவிட்டு மறுநாள் தொடருங்கள். ஆனால் மறுநாளும் முதலிலிருந்து பதம் பார்த்த பிறகே உளி.

உடைந்தால் ஒட்டுவது

துடுப்பு முறிந்தால் பதற வேண்டாம். முறிந்த இரு முகத்தையும் தட்டையாக்க வேண்டும். அலுமினியத் தகட்டை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு முகத்திலும் சில நொடி அழுத்தினால் இரண்டும் கண்ணாடிபோல் சமமாகும். உடனே சேர்த்து அழுத்தி, லேசாக ஒரு திருகு திருகிக் காற்றை வெளியேற்றி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். ஒட்டும் துண்டு மட்டும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், அதை முன்கூட்டியே ஃப்ரீசரில் பத்து நிமிடம் வைத்திருங்கள். இரண்டு துண்டும் உருகும் நிலையில் இருந்தால் நடுவில் உள்ள நீர் எதைக் கொண்டு உறையும்? மூட்டின் விளிம்பில் வெண்தூளும் நீரும் குழைத்துப் பூசி, முழுச் சிற்பத்தையும் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கை வைத்துத் தூக்கும் அளவுக்குப் பிடித்துவிடும். பெரிய சிற்பங்களை இப்படித்தான் பல கட்டிகளைச் சேர்த்து எழுப்புகிறார்கள்.

மினுக்கு, வைப்பு, காட்சி

உளித்தடம் பட்ட இடமெல்லாம் மங்கலாக இருக்கும். பதமாக இருக்கும் சிற்பத்தின் மேல் குழாய்த் தண்ணீரை ஒரே சீராக ஊற்றினால் தழும்புகள் கரைந்து பளிங்காகும். காஸ் டார்ச் வைத்திருப்பவர்கள் 20 செ.மீ. தள்ளி, ஓரிடத்தில் நிற்காமல் வேகமாக ஓட்டிச் செல்லலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த சிற்பத்தின் மேல் டார்ச் பட்டால் மேல்பரப்பு முழுவதும் நுண்விரிசல் விழும், அதை எதனாலும் சரிசெய்ய முடியாது.

சேமிக்கும்போது இரண்டு அடுக்குப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுங்கள். சுற்றாமல் வைத்தால் ஃப்ரீசரின் வறண்ட காற்றில் ஐஸ் நீராகாமலே ஆவியாகிப் போகும், இரண்டு வாரத்தில் செதில் மழுங்கிவிடும். கொண்டுபோகும்போது மீனைப் படுக்க வைக்காதீர்கள். தெர்மோகோல் பெட்டியில் நிறுத்தி, இடைவெளிகளை ஈரத் துணியால் அடையுங்கள்.

மேசையில் வைக்கும் தட்டுக்கு வடிகால் வேண்டும். பீடம் தேங்கிய நீரில் நின்றால் அடி சீக்கிரம் அரித்துச் சிற்பம் சாயும். தட்டுக்குள் மூன்று சிறு பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து அவற்றின் மேல் மீனை நிறுத்தி, குழாய் வழியே நீரை மேசைக்கு அடியில் உள்ள வாளிக்கு விடுங்கள். 15 கிலோ சிற்பம் முழுவதும் உருகினால் 15 லிட்டர், எனவே 20 லிட்டர் வாளி. விளக்கு அடியிலிருந்து வரட்டும், எல்.இ.டி. மட்டும். ஹாலஜன் விளக்கு மீனைப் பொசுக்கிவிடும்.

மின்விசிறியும் ஏ.சி. காற்று நேரே விழும் இடமும் ஆகாது. கடலோர ஊர்களில் இன்னொரு எதிரி காற்றின் ஈரம். ஐஸின் மேல் ஈரம் படியும்போது தன் வெப்பத்தை ஐஸுக்குக் கொடுத்துவிட்டுத்தான் நீராகிறது. ஒரு கிராம் ஈரம் படிந்தால் ஏழு கிராம் ஐஸை உருக்கும் அளவு வெப்பம் அது. ஒரே 28 டிகிரியானாலும் மதுரை மண்டபத்தில் நிற்கும் மீன், புழுங்கும் சென்னை மண்டபத்தில் அவ்வளவு நேரம் நிற்காததற்கு இதுவே காரணம். கதவைத் திறந்து வைக்காதபடி சொல்லிவையுங்கள்.

கனடாவிலோ நார்வேயிலோ இருப்பவர்களுக்கு வீட்டு முற்றமே பட்டறை. மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வரை நல்ல வேலைக் குளிர். மைனஸ் 25க்குக் கீழே ஐஸ் கண்ணாடிச் சில்லாகத் தெறிக்கும், உளியைவிட ரம்பத்தையும் அரத்தையும் நம்ப வேண்டும். அங்கே எதிரி வெயில். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தாலும் வெயில் கட்டியின் உள்ளே ஊடுருவிப் பூப்பூவாகச் சிறு உருகல்களை உண்டாக்கும், தெளிந்த கட்டி மங்கிவிடும். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் நடக்கும் உலக ஐஸ் சிற்பப் போட்டியில் கட்டிகளுக்குத் தார்ப்பாய் மறைப்புக் கட்டிவைப்பது இதற்காகத்தான்.

பிறகு அன்னம்

மீன் இரண்டு மூன்று செய்து கை படிந்த பிறகு அன்னத்துக்குப் போகலாம். ஓட்டல் மேசைகளில் அன்னம் நிலைத்ததற்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. 1890களில் லண்டன் சவாய் ஓட்டலில் பிரெஞ்சுச் சமையல் கலைஞர் ஆகஸ்ட் எஸ்கோஃபியே, பாடகி நெல்லி மெல்பாவுக்காகப் பீச் பழத்தையும் வெனிலா ஐஸ்கிரீமையும் ஐஸில் செதுக்கிய அன்னத்தின் சிறகுகளுக்கு நடுவே வைத்துப் பரிமாறினார்.

அன்னத்தின் கழுத்து அடியில் 12 செ.மீ., தலைக்குக் கீழே 8 செ.மீ. விட்டத்தில் இருக்கட்டும். அதற்கு மீனின் கட்டி போதாது, குறைந்தது 60 செ.மீ. உயரமுள்ள கட்டி வேண்டும். கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே உள்ள ஐஸை முழுவதும் தோண்டி எடுக்காமல், அலகுக்கு நேரே கீழே 4 செ.மீ. தடிமனில் ஒரு பாலத்தை விட்டுவையுங்கள். சிறகு, இறகுக் கோடு, பீடம், மினுக்கு எல்லாம் அந்தப் பாலம் தாங்கிக்கொண்டிருக்கும்போதே முடிய வேண்டும். வண்டியில் ஏற்றும்போதும் அது இருக்க வேண்டும். அன்னம் மண்டபத்துக்கு வந்து, வடிகால் தட்டில் நின்று, ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகு கைரம்பத்தால் பாலத்தை மேலும் கீழும் அறுத்து எடுங்கள். தழும்பின் மேல் ஈரவிரலால் நாலு தடவை தேய்த்தால் தடம் தெரியாது.